துறை காணாத மறம்: ஜான்சிராணிப் படையும் மலாயாத் தமிழ் மகளிரும்

தமிழ் மகளிரின் மறத்திற்குச் சான்று வேண்டுவார் முதற்கண் நாடுவது புறநானூற்றையே ஆகும். மூதின் முல்லை, உவகைக் கலுழ்ச்சி முதலிய துறைகளின்கண் அமைந்த பாடல்கள் சிலவே. ஆயினும் அவை பெற்ற புகழ் பெரிது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் (புறம். 279) முன்னாட் போரில் தன்னையையும் (தந்தை என்பாரும் தமையன் என்பாரும் உளர்) நேற்றைப் போரிற் கணவனையும் இழந்தவள், இன்று ஒரே மகனுக்கு வேல் கொடுத்து விடுக்கின்றாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதியவள் (புறம். 278) மகன் புறமுதுகிட்டான் என்னும் சொற்கேட்டுச் சினந்து களம் புகுந்து, சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தாள். ஒளவையாரும் (புறம். 295) பொன்முடியாரும் (புறம். 312) பாடியனவும் இவ்வழியினவே.

இப்பாடல்களில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. மாசாத்தியாரின் தாய் வேலைத் தொடுகின்றாள். தொடுவது மகன் கையிற் கொடுத்தற்பொருட்டு. நச்செள்ளையாரின் முதியவள் வாளேந்திக் களம் புகவே செய்கின்றாள். ஆனால் அவ்வாள் பகைவர்மேற் செல்லவில்லை. தன் மார்பை அறுத்தெறிவேன் என்று கொண்ட வாள், பிணங்களைப் புரட்டிப் பார்த்தற்கே பயன்படுகின்றது. புறத்திணைத் துறைகள் பெண்ணின் மறத்தை ஆடவன் வழியாக அளந்தன. தானே படைக்கலம் ஏந்திப் பொருபவளுக்கு அவற்றுள் இடம் வகுக்கப்பெறவில்லை.

பின்வந்த இலக்கியத்தில் அத்தகையாள் இல்லாமற் போகவில்லை. திருவிளையாடற் புராணத்துத் தடாதகைப் பிராட்டியார் முடிசூடித் திக்குவிசயம் செய்து கயிலை வரை சென்று நந்தி கணங்களையும் பொருது வென்றார். சிவபெருமானைக் கண்ட அளவில் மூன்றாம் தனம் மறைந்தது, நாணம் வந்தது, போர் முடிந்து திருமணப் படலம் தொடங்கிற்று. நாட்டுப்புறத்தார் பாடி மகிழ்ந்த அல்லி அரசாணி மாலையிலோ மதுரை அரசே பெண்கள் அரசு. காவலும் படையும் பெண்களுடையன. அவ்வல்லியை அருச்சுனன் போரில் வென்றானல்லன். பாம்பு வடிவிற் புகுந்து, அவள் துயிலும்போது தாலி கட்டினான். ஒன்று சமயப் புராணம். மற்றொன்று சந்தையிற் சிறு நூலாக விற்ற கதைப்பாட்டு. இரண்டிடத்தும் பெண் கையிற் படைக்கலம் திருமணத்தின் முன்னர்க் கழிவதொரு பருவமாகவே கருதப்பட்டது.

இம்மரபை நினைவிற் கொண்டே 1943-ஆம் ஆண்டு மலாயாவில் நிகழ்ந்ததனை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டில் தமிழ் மகளிர் சில நூற்றுவர் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து துப்பாக்கி ஏந்தினர். அவர்தம் வரலாறு விடுதலைப் போர் வரலாற்றின் ஒரு பக்கமாகப் பேசப்படுவதுண்டு. தமிழியல் ஆய்வினர் அதனைத் தமக்குரிய பொருளாகப் பெரிதும் எண்ணியதில்லை. எண்ணத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-இல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மோகன் சிங் தலைமையில் அவ்வாண்டே தோன்றிய முதல் இந்தியத் தேசிய இராணுவத்தில் பெண்களுக்கு இடமில்லை. 1943 ஜூலைத் தொடக்கத்திற் சிங்கப்பூர் வந்து இயக்கத்தின் தலைமையை ஏற்ற நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், அம்மாதம் 9-ஆம் நாள் பெருங்கூட்டத்தில் இந்தியப் பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்று அறிவித்தார். மூன்று நாட் கழித்து மகளிர் கூட்டமொன்றில் அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தவர் புடைவையுடுத்துத் துப்பாக்கி ஏந்திய இருபது பெண்கள். அவர்களைத் திரட்டியவர் மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன். கேப்டன் லட்சுமி எனப் பின்னர் உலகறிந்தவர். 1914-இல் சென்னையிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1938-இற் பட்டம் பெற்று, 1940-இற் சிங்கப்பூர் சென்றவர். அக்டோபர் 21-இல் நிறுவப்பெற்ற சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் மகளிர் துறை அவர் பொறுப்பாயிற்று. மறுநாள் சிங்கப்பூரில் மகளிர் பயிற்சி முகாம் திறக்கப்பெற்றது.

படைக்கு இடப்பட்ட பெயர் 1858-இற் குவாலியர் அருகே பொருது மாய்ந்த ஜான்சி அரசியின் பெயர். தமிழரே மிகுந்த ஒரு படைக்கு, 1780-இற் சிவகங்கைச் சீமையை மீட்ட வேலு நாச்சியாரின் பெயர் இடப்படவில்லை. வங்கத்துத் தலைவர் ஒருவர் 1857-இன் நினைவை எழுப்புதற்கு வடபுலத்து அரசியைத் தேர்ந்தது இயல்பே. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு ஜான்சி எத்துணைத் தொலைவில் இருந்தது என்பது வேறு வினா. அவள் அறிந்த அரசி அல்லியே ஆதல் கூடும்.

அத்தோட்டத்துப் பெண் யார் என்பதைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். ஏனெனில் படையிற் பெரும்பாலோர் அவளே. தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணி வழியாக அழைத்துவரப்பட்டோரின் மகளாய், ரப்பர்த் தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்தவள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினாள். 1920-களின் இறுதியில் வகுக்கப்பெற்ற தரக்கூலி, முதன்மைப் பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 சதம்; பெண்ணுக்கு 40 சதம். எழுத்தறிவு அரிது. போர் வந்ததும் தோட்டத் துரைமார் நீங்கினர்; ரப்பருக்கு வாணிகம் இல்லாதாயிற்று; அரிசி அருகிற்று. சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலைக்கு ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பல்லாயிரவராகக் கொண்டு சென்றனர். நோயாலும் பசியாலும் அவருட் பெருந்தொகையினர் மாண்டனர். 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. மகளிர் முகாம் திறக்கப்பெற்றதும் அத்திங்களே. தந்தையையும் கணவனையும் காட்டிற்குக் கொண்டுபோன அதே பேரரசின் ஒப்புதலோடு மகளிர் கையிற் படைக்கலம் வந்தது. ஜப்பானிய அதிகாரிகள் அவ்வொப்புதலையும் மனமுவந்து வழங்கினாரல்லர். பெண்களுக்குத் துப்பாக்கியும் குண்டும் அளிப்பது வீண்செலவு என்பதே அவர்தம் எண்ணம்.

இப்பின்னணியை அறிந்தோர், நாட்டுப்பற்று ஒன்றே அப்பெண்களைப் படைக்கு ஈர்த்தது என்று கூறத் தயங்குவர். முகாமில் மூவேளை உணவு உண்டு, உடை உண்டு, தனித்திருக்கும் பெண்ணுக்குக் காவல் உண்டு. இவற்றைக் கூறுவது அவர்தம் பெருமையைக் குறைப்பதாகாது. பசியும் பற்றும் ஒருங்கே ஒருத்தியிடத்து இருத்தல் கூடாதென்பார் சங்கப் பாடல்களில் வரும் மறவர்தம் வறுமையை மறந்தவராவர்.

சொல்லாராய்ச்சியாளர்க்கு ஈண்டு ஒரு செய்தி. தோட்டங்களில் வைகறைதோறும் ஆளெண்ணிக்கை எடுக்கும் கூட்டத்திற்குப் ‘பெரட்டு’ என்று பெயர். இலங்கை மலைநாட்டிற் ‘பிரட்டு’ என வழங்கும். படை அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேடு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே இது என்பர். கூலிக்காகப் பெரட்டுக்களத்தில் வரிசை நின்றவள், 1943-இல் அச்சொல்லின் முதற்பொருளிலேயே வரிசை நின்றாள். அன்று அவள் பெயரைக் கூப்பிட்டவள் மற்றொரு பெண்.

எனினும் அவ்வரிசையில் வந்து நிற்றற்கு ஒரு வாயில் இருந்தது. மணமாகாதவள் தந்தையின் ஒப்புதலையும், மணமானவள் கணவனின் ஒப்புதலையும் எழுத்திற் பெற்று வருதல் வேண்டும் என்பது விதி. சாவுக்கஞ்சாப் படை என்று முழங்கிய படைக்குத் தந்தையின் கையொப்பம் வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் 1925-இற் பிறந்த ஜானகி தேவர் (பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன்) பிற்காலத்து நினைவுகூர்ந்த செய்தி இதனை நன்கு விளக்கும். அவர் போஸின் பேச்சைக் கேட்டுத் தம் காதணியைக் கழற்றிக் கொடுத்தார். அதற்கு ஒருவர் இசைவும் வேண்டியதில்லை. படையிற் சேர முற்பட்டபோதோ வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. இலட்சுமி அவர்கள் இல்லத்திற்குத் தேநீருக்கு வந்து உரையாடிச் சென்ற பின்னரே தந்தை கையொப்பமிட்டார் என்பர். படித்த பெண்ணொருத்தி, நற்குடிப் பிறந்த மருத்துவர், பொறுப்பேற்கின்றார் என்னும் உறுதி அத்தந்தைக்கு வேண்டியிருந்தது. ஆதலின் இப்பெண்கள் மரபை மீறினர் என்று ஒரே சொல்லிற் கூறிவிடுதல் பொருந்தாது. மரபின் வாயிலிலேயே நின்று, அதன் காவலனிடமே ஒப்பம் பெற்று, வெளியே வந்தனர். வந்தபின் செய்தனவே மீறல்.

அவை பல. மகளிர் பலர் நீள்கூந்தலைக் கத்தரித்தனர். கூந்தலைக் கற்பின் அடையாளமாகவே பாடிய இலக்கியத்தை உடைய குடியிற் பிறந்தவர்க்கு இஃது எளிய செயலன்று. கைம்மை நோன்பினர்க்கே உரியதாக அவர் ஊரில் அறியப்பட்ட செயல் அது. துப்பாக்கி சுடுதல், ஈட்டிமுனைப் போர், கைக்குண்டு வீசுதல், நிலப்படம் நோக்கல், நெடுவழி நடத்தல் ஆகியன பயிற்றப்பெற்றன. இரவிற் பாசறை வாயிலைத் துப்பாக்கியுடன் காத்தவரும் பெண்களே. சாதியும் சமயமும் நோக்காது அனைவர்க்கும் ஒரே அடுக்களை. தோட்டத்துக் கிராணியின் மகளும் பால்மரம் வெட்டியின் மகளும் ஒருங்கிருந்து உண்டது, துப்பாக்கி ஏந்தியதனினும் அரிய செயலென யான் கருதுவேன். லயத்திற்கும் கிராணி வீட்டிற்கும் இடையே இருந்த தொலைவை மலாயாத் தமிழர் அறிவர்.

அத்தொலைவு முற்றும் அழிந்ததெனவும் கூறவியலாது. அதிகாரிகளாக உயர்ந்தோர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்ற நகரத்துப் பெண்கள். ஈப்போவில் 1927-இல் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து பதினாறாம் வயதிற் சேர்ந்த இராசம்மா நவரத்தினம் (இராசம்மா பூபாலன்) போல்வார் அவ்வகையினர். படையின் மொழியோ உரோமானிய எழுத்தில் எழுதப்பெற்ற இந்துஸ்தானி. ஆகவே தமிழச்சி ஒருத்தி மற்றொரு தமிழச்சிக்கு இந்துஸ்தானியில் ஆணையிட்டாள். பலரும் முதன்முதல் எழுத்துக் கற்றது இம்முகாமில் என்பது மெய்யாயின், கற்ற எழுத்துத் தம் மொழியின் எழுத்தன்று என்பதும் உடன் கருதத்தக்கது.

1944-இல் படையின் ஒரு பகுதி பர்மா சென்றது. இரங்கூனிலும் பின்னர் மேமியோவிலும் தங்கிற்று. இம்பால் நோக்கிய படையெடுப்புத் தோற்றதும், காயமுற்றும் மலேரியாவால் நலிந்தும் மீண்ட வீரர்க்கு மேமியோ மருத்துவமனையில் இம்மகளிர் பணி செய்தனர். முன்னணிப் போரில் அவர் ஈடுபடுத்தப்படவில்லை. இவ்வுண்மையைக் கூற நாணி, களத்திற் பகைவரை எதிர்த்துச் சுட்டதாகச் சிலர் எழுதினர். அஃது இம்மகளிர்க்குச் செய்யும் சிறப்பன்று. புறப்பொருள் நூலார் தொடாக்காஞ்சி என்றொரு துறை கூறுவர். அரிசில் கிழார் பாடல் ஒன்றில் (புறம். 281) வேம்பு செருகி, ஐயவி சிதறி, நறும்புகை எடுத்துப் புண்ணுற்ற கணவனை மனைவி காக்கின்றாள். அவ்வளவே படை இம்மகளிரிடம் இறுதியில் வேண்டியது எனில், பழைய துறைக்குள்ளேயே அவர் மீள அடைக்கப்பெற்றனர் எனலாம். ஒரு வேறுபாடு உண்டு. இவர் காத்த ஆடவர் இவர்தம் கணவரல்லர், முன்பின் அறியாதார்.

1945 ஏப்ரல் 24-இல் போஸ் இரங்கூனை விட்டு நீங்கியபோது ஏறத்தாழ நூறு ராணிகள் உடன் சென்றனர். வானூர்தித் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் ஒதுங்கி இரவில் நடந்து, சித்தாங் ஆற்றைக் கடந்து, மோல்மேன் வழியாகப் பாங்காக் சேர்ந்தனர். ஜானகி தேவர் இக்குழுவின் தலைவருள் ஒருவர். வேறொரு குழு புகைவண்டியில் திரும்பியபோது தாக்குதலுக்கு உட்பட்டது. ஜோசபின், ஸ்டெல்லா என்னும் இருவர் மாண்டனர். படை பொருத போர் என ஒன்றைச் சுட்டல் வேண்டுமாயின் இப்பின்வாங்கலையே சுட்டுதல் தகும்.

இனிச் சான்றுகளைப் பற்றிக் கூறல் வேண்டும். பதிப்புத் துறையிற் பழகிய நம்மனோர்க்கு இப்பகுதி பயன்தரும்.

படையின் தொகையை ஆயிரத்துக்கு மேல் என்பது வழிவழி வரும் கூற்று. 2016-இல் விரிவான நூல் வெளியிட்ட வேரா ஹில்டிபிராண்டு ஏறத்தாழ 450 என்று கணிப்பர். 1945-ஆம் ஆண்டின் இறுதியிற் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் ஆகிய மூவர்மேல் வழக்கு நடந்தது. குறுக்கு வினாவும் சாட்சி மொழியுமாக ஆடவரைப் பற்றி ஆவணம் பெருகிற்று. பெண்கள் எவரையும் ஆங்கில அரசு நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. அது கருணையோ, பெண்படையைப் பொருட்படுத்தாமையோ, எதுவாயினும் அதன் பயன் ஒன்று: அவர் தம் வாயால் அக்காலத்தே கூறிய சொல் ஏட்டில் ஏறவில்லை.

அவ்வெற்றிடத்தை நிரப்ப விரைந்து ஒரு நூல் வந்தது. பம்பாயில் 1945-இல் ‘ஜெய்ஹிந்த்’ என்னும் பெயரில், ஜான்சிராணிப் படையைச் சார்ந்த புரட்சி மகள் ஒருத்தியின் நாட்குறிப்பு என வெளியிடப்பெற்றது. எழுதியவள் பெயர் இல்லை. பதிப்பித்தவர் அமிர்தலால் சேத் என்னும் பத்திரிகையாளர். அது மிகுதியாகப் படிக்கப்பெற்றது; மேற்கோளாகவும் ஆளப்பெற்றது. ஆய்வாளர் இன்று அதனை ஒரு ராணியின் கைப்பட எழுந்ததாக ஏற்பதில்லை. புலவர் பெயரால் பிற்காலத்தார் பாடிச் சேர்த்த தனிப்பாடல்களை நாம் எங்ஙனம் ஆள்கின்றோமோ அங்ஙனமே இதனையும் ஆளல் வேண்டும். அந்த ஆண்டின் இந்தியர் ஒரு படைப்பெண்ணிடம் எதனைக் கேட்க விழைந்தனர் என்பதற்கு அது நற்சான்று. அவள் எதனைக் கூறினாள் என்பதற்கன்று.

ஒற்றாடல் பற்றிய செய்தி இன்னும் நுண்ணிதாக நோக்கத்தக்கது. இரங்கூனிற் செல்வக் குடியிற் பிறந்து, 2018-இற் சென்னையிற் காலமான சரசுவதி இராஜாமணி அம்மையார், தம் இளமையில் இந்தியத் தேசிய இராணுவத்தின் ஒற்றராக இருந்தமையை முதுமையிற் பலரிடம் கூறினார். தாமும் துர்கா என்னும் தோழியும் சிறுவர் உடை பூண்டு, தாம் ‘மணி’ என்னும் பெயரோடு ஆங்கிலப் படையினரிடை ஏவலராய்ப் புகுந்து செய்தி கொணர்ந்ததும், தோழி அகப்பட்டபோது ஆடற்பெண் கோலத்திற் சென்று மீட்டதும், காலிற் குண்டு பாய்ந்து மரத்தின்மேல் ஒளிந்திருந்ததும் அவர் கூற்று. அடிப்படை அவர்தம் வாய்மொழியே. ஆண்வேடமும் ஆடற்கோலமும் மரத்தில் ஒளிதலும் நாட்டுப்புறக் கதைகளிற் பயின்று வரும் கூறுகள் என்று சுட்டி இதனைத் தள்ளுவார் உளர்; அவ்வாறு தள்ளல் தகாது. கதைபோல் இருத்தல் பொய்க்கு அடையாளமன்று. உண்மையான தடை வேறு. ஆங்கிலப் படை 1942 மார்ச்சிலேயே இரங்கூனை விட்டு நீங்கிற்று. 1945 மே மாதத்திலேயே மீண்டது. இடைப்பட்ட காலத்துப் போர்முனை வடமேற்கே நெடுந்தொலைவில் இருந்தது. சிறுமியர் புகுந்த ஆங்கில முகாம் யாண்டு இருந்தது, முனையை எங்ஙனம் கடந்தனர் என்பன விளக்கம் வேண்டி நிற்கின்றன. விளக்கம் கிடைக்கும்வரை இதனை அவர் கூற்று என்றே எழுதுதல் முறை. பாடநூல்களில் ஐயமற எழுதுவது முறையன்று. முதியவர் ஒருவர் சொல்லை வணங்குவதும் அதனை ஆராய்வதும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

தன்வரலாறு என்னும் வகையில் நமக்கு வாய்த்தது 1997-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த கேப்டன் லட்சுமியின் நூல். பின்னர் அறிஞர் நேர்கண்டு தொகுத்தனவும் பெரும்பாலும் அதிகாரிகளின் நினைவுகள், மொழியும் ஆங்கிலம். மாசாத்தியாரின் தாயைப் பற்றி ஒரு பெண்பாற் புலவர் தமிழிற் பாடினார். பால்மரம் வெட்டிய ராணியைப் பற்றி அவளே தமிழிற் கூறியது நூலாக நம் கையில் இல்லை.

படை கலைந்தபின் அதிகாரிகளின் வாழ்வு ஏடறிந்தது. ஜானகி தேவர் 1946-இல் மலாயா இந்தியக் காங்கிரசைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார், 2014-இல் மறைந்தார். இராசம்மா பூபாலன் ஆசிரியப் பணி ஏற்று, ஆசிரியைகளுக்கு ஆடவரொத்த ஊதியம் வேண்டிப் போராடினார். கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகட்கு மருத்துவம் செய்து, 2002-இற் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, 2012-இற் காலமானார். இம்மூவரும் மணம் செய்துகொண்டவர்கள். தடாதகைக்கும் அல்லிக்கும் நேர்ந்ததுபோல் திருமணம் இவர்தம் கதைக்கு முடிவாகவில்லை என்பது குறிக்கத்தக்கது.

தோட்டத்து ராணியரோ பெரட்டுக்குத் திரும்பினர். ஆயின் 1946-47-இற் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்றோர் இயக்கம் எழுந்தது. இந்தியத் தேசிய இராணுவத்தின் தாக்கத்தோடு இளைஞர் அணிவகுத்துப் பயின்றனர், கள்ளுக்கடைகளை மறித்தனர், மறியலிற் பெண்களும் திரளாக நின்றனர். 1947-இற் பிடோங்கில் நடந்த மறியல் காவல்துறையின் தாக்குதலில் முடிந்தது. கணவன் கூலியைக் குடித்தழிக்கும் கடையின் வாயிலில் வரிசை குலையாது நின்ற அப்பெண்களுள் மூன்றாண்டுக்கு முன் சிங்கப்பூர் முகாமில் வரிசை நின்றோர் யாவர் என்று தேடுவார், தோட்டப் பேரேடுகளையும் அக்காலத்து மலாயாத் தமிழ் நாளிதழ்களையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். அப்பணி ஆங்கில நூல்களை மட்டும் கற்றாரால் ஆவதன்று. தமிழ்த் துறை மாணவர்க்கே உரியது.